அன்ஜூ பிரபுக் குடும்பம்: மனதை விட்டுப் போகாத ஒரு தருணம்

பிரான்சின் அன்ஜூ பகுதியை ஆண்டு, பிறகு இங்கிலாந்து அரசர்களும் ஆன குடும்பம் இது. இவர்கள் வரலாற்றில் உங்கள் மனதை விட்டுப் போகாத தருணம் எது என்ற கேள்விக்கு வந்த பதிவுகள்.

பதிவு 1
பிரான்சில் ஃபோன்டெவ்ரோ மடம். சாயங்காலம், கூட்டம் இல்லை. இரண்டாம் ஹென்றி, எலியனோர், ரிச்சர்ட், இசபெல் நால்வரின் கல்லறைச் சிலைகள். ஹென்றி இங்கிலாந்து அரசர், அன்ஜூ பிரபுவும் அவரே. எலியனோர் அவர் மனைவி, ரிச்சர்ட் மகன், இசபெல் இன்னொரு மகன் ஜானின் மனைவி. எலியனோர் கையில் மட்டும் விரித்த புத்தகம். 15 வருடம் போல அவரைக் காவலில் வைத்த கணவர் பக்கத்திலேயே கிடக்கிறார், அந்த அம்மா தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். நகரவே மனம் வரவில்லை. சிலைகளுக்குக் கீழே எலும்புகள் இல்லை, பிரெஞ்சுப் புரட்சியின்போதே போய்விட்டன என்று அப்புறம்தான் தெரிந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

பதிவு 2
நான் நேரில் போனதில்லை. வம்ச வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். குலத்தின் மூதாதையான இஞ்செல்ஜேயிலிருந்து இரண்டாம் ஹென்றி வரை நேராக ஒரே கோடு. ஜொஃப்ருவா, ஃபூல்க், மறுபடி ஜொஃப்ருவா, நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது மாதிரியே. அப்போதுதான் ஃபூல்க் லெ ரெஷேன் 1096 வாக்கில் எழுதிய குறிப்பு கண்ணில் பட்டது. பிரபுவே தன் குலத்தைப் பற்றி எழுதியது. முதல் பிரபுக்களைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியவில்லை, அவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதே தெரியாது என்கிறார். பென்சிலை வைத்துவிட்டேன். அவருக்கே தெரியாத இடத்தில் நான் எப்படிக் கோடு இழுப்பது?

பதிவு 3
நேர்கோடு என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. 1060-இல் அன்ஜூ பிரபு ஜொஃப்ருவா மார்த்தெல் பிள்ளையில்லாமல் இறந்தார். ரெஷேன் அவருடைய தங்கை எர்மன்கார்தின் மகன், அதாவது மருமகன். அப்பா வழியில் அவர் காத்தினே என்ற வேறு பகுதியின் பிரபுக் குடும்பம். அந்தப் பெண்ணை விட்டால் வரைபடமே அறுந்துவிடும். தன் அண்ணனை 28 வருடம் போல அடைத்து வைத்தவரும் இதே ரெஷேன்தான், அவர் எழுதியதை அப்படியே நம்பாதீர்கள்.

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். வரைபடத்தில் முதலாம், இரண்டாம் என்ற எண்களை மட்டும் நம்பாமல் பட்டப்பெயரையும் எழுதுங்கள். கிரீஸ்கொனெல் என்றால் சாம்பல் அங்கி, நேரா என்றால் கறுப்பர், மார்த்தெல் சம்மட்டி, ரெஷேன் சிடுமூஞ்சி. மனைவி, சகோதரி பெயர்களை வேறு மையில் எழுதுங்கள். ஒருவர் இன்னொருவருக்கு என்ன உறவு என்று உறுதியாகாத இடத்தில் புள்ளிக்கோடு போதும்.

என் அனுபவம் சின்னது. பிரான்சின் லெ மான் நகர அருங்காட்சியகத்தில், இரண்டாம் ஹென்றியின் அப்பா ஜொஃப்ருவா பிளான்டஜனெட்டின் எனாமல் தகடு, உயரம் சுமார் 63 செ.மீ.தான். நீலக் கேடயத்தில் பொன் சிங்கங்கள். அதே சிங்கங்களை இங்கிலாந்தின் சால்ஸ்பரியில், 1226-இல் இறந்த அவருடைய பேரன் வில்லியம் லாங்கெஸ்பேயின் கல்லறையில் முன்பே பார்த்திருந்தேன். அந்தக் கணம் உடம்பு சிலிர்த்துவிட்டது.

பதிவு 1 (மீண்டும்)
எர்மன்கார்தைப் படித்ததும் இசபெல்தான் ஞாபகம் வந்தார். மற்ற மூவரும் கல், அவர் மட்டும் மரம். முதலில் வெளியே இடுகாட்டில்தான் புதைத்தார்கள். 1254-இல் மகன், இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி வந்து பார்த்து, அம்மாவை உள்ளே கொண்டுவரச் சொன்னாராம். நான் அவர் பக்கம் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.