மன்னிக்கப்பட்ட பாவத்தை மனம் விட மறுக்கிறது

ஒரே பாவத்தை நான்கு முறை பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, சொல்லிவிட்டேன். நோயில் கிடந்த அப்பாவிடம் கோபித்துக்கொண்டு, கடைசிவரை அவரைப் போய்ப் பார்க்காமலேயே இருந்துவிட்டேன். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

ஒவ்வொரு முறையும் குருவானவர் பாவமன்னிப்பு வழங்குகிறார். எழுந்து வந்து பெஞ்சில் முழந்தாளிட்டு, அவர் சொன்ன செபங்களைத் தொடங்குகிறேன். இரண்டாவது அருள்நிறை மரியே முடிவதற்குள், ‘பிடிவாதத்தால்தான் போகவில்லை என்று சொன்னேனா, வேலை இருந்தது என்று மழுப்பினேனா?’ என்று மனம் குடையத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் திருப்பலியில் தரும் திருவப்பமான நற்கருணையை வாங்க எழவும் கால் வருவதில்லை.

தாளில் எழுதி வைத்துப் படித்துப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு இறை இரக்கச் செபமாலை ஒன்பது மாதங்களாகச் சொல்லி வருகிறேன். பாவமன்னிப்பு வேண்டும் திருப்பாடல் 51 மனப்பாடம். வேறொரு குருவானவரிடமும் போனேன். இருவரும் ஒன்றையே சொன்னார்கள்: ‘அது மன்னிக்கப்பட்டுவிட்டது, இனி அதைக் கொண்டு வராதே.’

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரும் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இப்படித்தான் தவித்திருக்கிறார். மிகத் தெளிவான பழைய பாவங்களை மட்டும் அறிக்கையிடச் சொன்னார்களாம். அவருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்தனவாம்! படித்தபோது சிரிப்பு வந்தது, ஆனால் தூக்கம் வரவில்லை.

இறைவன் மன்னிப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் ஒழுங்காகக் கேட்டேனா என்பதில்தான் ஐயம். இந்நிலையிலிருந்து மீண்டவர்கள் சொல்லுங்கள்: அந்த ஐயம் தலைதூக்கும் நொடியில் நீங்கள் என்ன செய்தீர்கள்?