காரைக் கப்பலேற்றி ஓட்டியவர்கள் எழுதுங்கள் (சுங்கை சிப்புட், சுற்று வட்டாரம்)

பால்மரம்77

அறிமுகம் வேண்டாம். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நாளில் வெள்ளி நிற ஹோண்டா எஸ்2000 காரை நிறுத்த இடம் தேடி ஊரைச் சுற்றுவேனே, அதே ஆள்தான்.

2019இல் அதைக் கிள்ளான் துறைமுகத்திலிருந்து மெல்பர்னுக்கு அனுப்பினேன். கார்னெட் (வரி கட்டாமல் காரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் சுங்கப் புத்தகம்), பிணைப்பணம், கண்டெய்னர், ஏஜெண்டோடு சண்டை எல்லாம் நீங்களும் பட்டதுதான், தாண்டிப் போகிறேன். பிலிப் தீவுப் பந்தயத் தடத்தில் ஒரு நாள், அப்புறம் கிரேட் ஓஷன் ரோட்டில் 243 கிலோமீட்டர், இதுதான் திட்டம். இதற்காக ஏழு வருடம் காசு சேர்த்தேன்.

உறுத்துவது ஒரே ஒரு நிமிடம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, கார் லிஃப்டில் நிற்கிறது. உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிக்கு (வெளிநாட்டு மண், விதை, பூச்சி உள்ளே வராமல் தடுப்பவர்) என் அக்கா வயது இருக்கும். கையில் டார்ச்சும் நீளமான இடுக்கியும். முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினார். உள்ளே நம் ஊர்ச் செம்மண் அடை மாதிரி அப்பியிருந்தது. 600 வெள்ளி கொடுத்துக் கழுவிய கார்! தட்டித் தட்டி ஒரு தட்டில் கொட்டினார். வீட்டுக் குப்பையைப் பிறத்தியார் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது எனக்கு. அப்புறம் இடுக்கியை இன்னும் உள்ளே விட்டு ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளி போட்டுப் பளபளவென்று இருந்தது. ரப்பர் கொட்டை.

"இது என்ன விதை, தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

என் அப்பா முப்பத்தொரு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, அடுத்தவன் தொடையில் வைத்து அலறவிட்டு வளர்ந்தவன் நான். வெயில் நாளில் லயத்துக்குப் பின்னால் காய் வெடிக்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எனக்குத் தெரியாதாம்! அவர் 'அடையாளம் தெரியாத விதை' என்று எழுதி, பையில் போட்டு ஒட்டி, ஆய்வுக்கு அனுப்பினார். கார் ஆறு நாள் அங்கேயே நின்றது. தடத்தில் எனக்குக் குறித்திருந்தது நான்காம் நாள்.

ஓஷன் ரோடு நன்றாகத்தான் இருந்தது.

கார்னெட்_மாமா

தம்பி, பொய் சொன்னது உங்கள் தப்பு, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரப்பர் என்று சொல்லியிருந்தால் பெயரை எழுதிக்கொண்டு அன்றைக்கே முடித்திருக்கலாம்.

நான் 2016இல் ஜப்பானுக்கு அனுப்பினேன். ஃபுஜி தடத்தின் நேர்ப்பாதை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். அதன் முடிவில் பிரேக் மிதித்த இடம் இன்னும் கனவில் வருகிறது. வேறு பிரச்சினை எதுவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

கழுவுவது என்றால் கார் வாஷ் இல்லை. சக்கர மறைப்பு நான்கையும், அடித்தட்டையும் கழற்ற வேண்டும். காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறக்க வேண்டும். ரேடியேட்டர் இடுக்கில் ஒட்டிய பூச்சியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். கழுவிய பிறகு ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, லோரியில்தான் ஏற்ற வேண்டும். பலர் கழுவிவிட்டுத் தோட்டத்துச் சாலை வழியாகவே கிள்ளானுக்கு ஓட்டிப் போகிறார்கள்! ஆஸ்திரேலியா என்றால் இன்னொன்றும் உண்டு. 2003 டிசம்பர் 31 முதல் அங்கே ஆஸ்பெஸ்டாஸ் முழுத்தடை. பழைய காரின் பிரேக் பேட், கிளட்ச், கேஸ்கெட் எதிலும் அது இல்லை என்று காட்டத் தாள் வேண்டும். இறக்குமதி ஒப்புதலைக் கப்பலேற்றும் முன்பே வாங்க வேண்டும், கார்னெட் இருந்தாலும் சரி.

கார்னெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏஏஎம் (மலேசிய வாகனச் சங்கம்) தரும் அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. நுழையும்போது ஒன்றைக் கிழிப்பார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. நம்மிடம் தங்கும் அடிக்கட்டையில் இரண்டு முத்திரையும் விழ வேண்டும். வெளியேறும் முத்திரை இல்லையென்றால் காரை அங்கேயே விற்றுவிட்டீர்கள் என்றுதான் கணக்கு. வரி கேட்பார்கள், பிணைப்பணத்தில் கை வைப்பார்கள். ஒரு வருடம்தான் செல்லும். ஜப்பானில் சுங்கத்துக்குப் போகும் முன்பு ஜாஃப் என்ற அந்நாட்டு வாகனச் சங்கத்தில் அதை உறுதிப்படுத்த வேண்டும். கார் கடனில் இருந்தால் வங்கிக் கடிதம். கிள்ளானில் கே2 ஏற்றுமதிப் படிவத்தில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டில் (காரின் பதிவுப் பத்திரம்) இருப்பது போலவே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓர் எண் மாறினால் திரும்பி வரும்போது அது உங்கள் கார் இல்லை.

கண்டெய்னரும் வேண்டாம், ரோரோ கப்பலே போதும். ஓட்டி ஏற்றுவார்கள், ஓட்டி இறக்குவார்கள்.

ஜிடிஐ_பையன்

மாமா எழுதியதைப் படித்து முடிக்கும் நேரத்தில் நான் புக்கிட் காயு ஈத்தாம் எல்லையைத் தாண்டியிருப்பேன். கப்பல் எதற்கு? என் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயை ஓட்டிக்கொண்டே தாய்லாந்தின் புரிராம் பந்தயத் தடத்துக்குப் போனேன். போக மட்டும் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கார்னெட் கிடையாது. வங்கிக் கடிதம், கிராண்ட், தாய்லாந்துக் காப்புறுதி, அவ்வளவுதான்.

புரிராம் தடம் 4.554 கிலோமீட்டர், 2014இல் திறந்தது. மதிய வெயில், ஐந்தாவது சுற்று. நீளமான நேர்ப்பாதை முடிந்து வலப்பக்கம் கொண்டை ஊசி மாதிரி வளைவு. பிரேக் மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போனது. சத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது. மறுபடி மறுபடி குத்தி, கியரை இறக்கி, மணலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது காடி. பக்கத்தில் இருந்த நண்பன் அப்போதும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் படத்தில் என் முகம் தெரிகிறது. யாருக்கும் காட்டியதில்லை.

ஊருக்கு வந்து போர்மேனிடம் (கார் மெக்கானிக்) சொன்னால், "எண்ணெய் மாற்றி எத்தனை வருடம்?" என்றார். நான்கு.

ஒரு கேள்வி. நம் பக்கம் எல்லாம் செம்பனை ஆகிவிட்டதே, பால்மரம் அண்ணே, ரப்பர் கொட்டை எங்கிருந்து வந்தது?

கார்னெட்_மாமா

தலைப்பைப் படிக்கவும். கப்பல். அதோடு, சத்ரியா எந்தக் கணக்கில் ஸ்போர்ட்ஸ் கார்?

ஜிடிஐ_பையன்

சஸ்பென்ஷனை லோட்டஸ் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிக்காரர்கள் சரிசெய்த கணக்கில்.

கிள்ளான்_கயிறு

நான் கார் அனுப்பியவன் இல்லை, ஏற்றியவன். சுங்கை சிப்புட் தோட்டத்தில் பிறந்து, பதினோரு வருடம் கிள்ளானில் கண்டெய்னருக்குள் கார் கட்டினேன்.

மாமா ஐயா, ரோரோவில் சாவியை முகம் தெரியாத ஆளிடம் கொடுக்கிறீர்கள். தரையோடு உரசும் காரை அவன் எந்த வேகத்தில் சரிவில் ஏற்றுவான் என்று யாருக்குத் தெரியும்? கண்டெய்னரில் பூட்டு போட்டால் போய்ச் சேரும் வரை கதவு திறக்காது. ஆனால் உள்ளே அகலம் 2.35 மீட்டர்தான். அங்கேதான் என் கதை.

சிவப்பு நிற இத்தாலியக் கார், ரொம்ப அகலம். பின்வாங்கிப் பின்வாங்கி உள்ளே நிறுத்திவிட்டேன். கதவு ஒரு சாண் கூடத் திறக்கவில்லை. வழக்கமாக ஜன்னல் வழியாக ஏறி வந்துவிடுவோம். உரிமையாளர் வாசலில் நின்று, "லெதர் சீட்டில் காலை வைக்காதே" என்கிறார். ஜன்னல் வழியாக வந்தால் அப்புறம் அதை எப்படி மூடுவது என்பது அடுத்த கேள்வி, ஏனென்றால் கடைசியில் பேட்டரியைக் கழற்றியாக வேண்டும். வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டி. பெட்ரோல் வாடை. டேங்கில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் இருந்தது, ஆனாலும் வாடை வரும். பெல்ட் பக்கிள் பெயிண்டில் கீறாதபடி அதில் துணி சுற்றியிருந்தேன். மூச்சை இழுத்து, வயிற்றை ஒட்டி, அந்த இடுக்கில் வெளியே வர இருபது நிமிடம்.

வந்ததும் அவர் டார்ச்சோடு உள்ளே போனார். கதவில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, "ஓகே" என்று காரிடம்தான் சொன்னார்.

கட்டும்போது பட்டையைச் சக்கரத்தைச் சுற்றிப் போடச் சொல்லுங்கள், அச்சிலோ அடிப்பக்கக் கொக்கியிலோ வேண்டாம். கடலில் கார் ஸ்பிரிங்கில் ஏறி இறங்கும், சக்கரம் மட்டும் அசையக் கூடாது. அப்புறம் கடல் காப்புறுதி. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கண்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கியதே, அந்தக் கப்பலில் சரக்கு வைத்திருந்தவர்கள் எல்லாருமே மீட்புச் செலவில் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் சரக்கு கைக்கு வந்தது. நம் பெட்டிக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அதுதான் விதி. காப்புறுதி இருந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எட்டாம்_லயம்

ஆண்கள் மட்டும் எழுதுவதால் நானும் எழுதுகிறேன்.

2024இல் என் வீட்டுக்காரர் காரை ஜெர்மனிக்கு அனுப்பினார். செங்கடல் பக்கம் பல கப்பல்கள் போகாத நேரம். ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்ததில் எங்கள் லீவு பாதி தீர்ந்துவிட்டது. கார்னெட் தேவைப்படவில்லை, ஐரோப்பாவில் ஆறு மாதம் வரை சுற்றுலாக் காரைத் தற்காலிகமாக வைத்திருக்கலாம். நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்துக்குப் போனோம். 20.8 கிலோமீட்டர், எழுபதுக்கு மேல் வளைவு. வாசலில் கார்டைக் காட்டினால் தடுப்புக் கட்டை தூக்குகிறது. எங்கள் தோட்டத்து ஜாகா (காவலாளி) தூக்குவாரே, அதே மாதிரி. சிரித்துவிட்டேன். அவர் முறைத்தார்.

அங்கே எல்லாரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், முந்துபவர் இடப்பக்கம்தான் முந்துவார். நம் காரில் ஸ்டீயரிங் வலது, அப்படியென்றால் இடப்பக்கம் நான். இடது கண்ணாடி எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறது. "வருது, ஒதுங்குங்க", "இன்னும் ஒண்ணு", "இப்ப போங்க". சுற்று முழுக்க இதைத்தான் கத்தினேன். கம்பித் தடுப்பில் இடித்தால் தடுப்புக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும் என்று முதல் நாளே படித்திருந்தேன். அதனால் கண்ணிமைக்கவில்லை. நடுவில் ஒரு நீலக் கார் என் ஜன்னலை ஒட்டிப் போனது. ஓட்டியது எழுபது வயதுப் பாட்டி. கழுத்தில் முத்துமாலை. என்னைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வளைவில் மறைந்துவிட்டார்.

ஊருக்கு வந்ததிலிருந்து அவர் கோப்பிக் கடையில் இந்தச் சுற்றைப் பற்றிப் பேசாத வாரம் இல்லை. அந்தக் கதையில் நானே இல்லை. தனியாகப் போய் வந்தது போல இருக்கும்.

கார்னெட்_மாமா

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் செய்தது ஆபத்து. வலப்பக்க ஸ்டீயரிங்கோடு அங்கே போகிறவர்கள் இடது கண்ணாடிக்கு மேலே அகலக் கண்ணாடி ஒன்று ஒட்டிக்கொள்ள வேண்டும். பாதிக் காப்புறுதிகள் அந்தத் தடத்தில் செல்லாது என்பதையும்

எட்டாம்_லயம்

அகலக் கண்ணாடி நான்தான் ஐயா.

பால்மரம்77

ஜிடிஐ தம்பிக்கு: தோட்டம் முழுக்கச் செம்பனைதான், சரி. ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டக்காரர் ஒருவருடைய பழைய பால்மரம் ஏழெட்டு நிற்கிறது. வெட்ட ஆள் இல்லை. ஆனால் காரை அங்கே நிறுத்துவதில்லை, போர்ட்டிக்கோவில்தான். எப்படி உள்ளே போனது என்று எனக்கும் புரியவில்லை.

கிள்ளான்_கயிறு

எலி. ஏற்றும்போது எத்தனையோ காரில் பார்த்திருக்கிறேன். கொட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கும்.

பால்மரம்77

இப்போதுதான் இடப்பக்க மறைப்பைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு இருக்கிறது. ஒன்றைக் கொறித்திருக்கிறது, இன்னொன்று முழுசு. முழுசைச் சிமெண்டில் தேய்த்தேன். சூடு ஏறுகிறது.

கார்னெட்_மாமா

ஸ்பேர் டயர் குழியையும் பாருங்கள் தம்பி.