வந்த அன்று நன்றாக நீந்திய மீன் குஞ்சுகள் மூன்றாம் நாளிலிருந்து சாகின்றன

லயத்து மீன்காரன்:
ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறேன். பழைய சிமெந்துத் தொட்டி ஒன்று, 1000 லீற்றர், மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர். போன சனிக்கிழமை தம்புள்ளைப் பக்கமிருந்து 400 திலாப்பியாக் குஞ்சு கொண்டுவந்தேன். இரண்டே பையில் கட்டித் தந்தார்கள், வேனில் ஆறு மணித்தியாலம். பார்க்கப் பாவமாக இருந்ததால் வந்ததும் பையை அவிழ்த்து அப்படியே தொட்டியில் விட்டேன், சாயங்காலம் தீனும் போட்டேன். செவ்வாயிலிருந்து தினமும் பத்துப் பதினைந்து செத்து மிதக்கின்றன, சிலவற்றின் வாலில் வெள்ளைப் பஞ்சு மாதிரி. மேலே தேயிலைக்கு மருந்து அடிக்கிறார்கள், அது தண்ணீரில் கலந்துவிட்டதோ என்று பயம்.

கொத்மலை:
தம்பி, மருந்து கலந்திருந்தால் பெரும்பாலும் ஒரேயடியாகச் செத்திருக்கும். பீலி ஓடும் கானில் தவளைக் குஞ்சு உயிரோடு இருக்கிறதா பாருங்கள். எனக்கென்னவோ இது பயணத்தில் பட்ட அடி என்றுதான் படுகிறது. வலையில் அள்ளி, பையில் நெருக்கி, மலைப்பாதையில் குலுக்கிக் கொண்டுவரும்போது குஞ்சின் உடம்பில் கோட்டிசோல் என்ற பதற்றச் சுரப்பு ஏறுகிறது, உடம்பு உப்பு செவுள் வழியாக வெளியே போகிறது, ஒன்றோடொன்று உரசி மேலிருக்கும் வழுவழுப்பும் கழன்றுவிடுகிறது. அன்றே சாகாது, நோயைத் தாங்கும் சக்திதான் போகும், அப்புறம் இரண்டு மூன்று நாளில் பங்கசு, அதாவது பூஞ்சணம், பிடிக்கும். நீங்கள் சொல்லும் பஞ்சு அதுதான். தம்புள்ளைத் தண்ணீர் 28 பாகை இருந்திருக்கும், உங்கள் பீலியை அளந்தீர்களா?

லயத்து மீன்காரன்:
இப்போதுதான் அளந்தேன், காலையில் 18. தவளைக் குஞ்சு நிறைய இருக்கிறது அண்ணே.

கொத்மலை:
அப்படியென்றால் ஒரே நிமிடத்தில் பத்துப் பாகை இறக்கியிருக்கிறீர்கள், பெரிய மீனே தாங்காது. இனிச் செய்ய வேண்டியது, செத்ததை உடனே எடுங்கள், தீனை இரண்டு நாள் நிறுத்துங்கள், பீலியைக் கொஞ்ச நேரம் அடைத்துவிட்டு 2 கிலோ கல் உப்பை வாளியில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள், தண்ணீரைத் தொட்டிக்குள் உயரத்திலிருந்து விழ விட்டால் காற்றும் சேரும். வலை போட்டுப் பிடித்துப் பார்க்கவே வேண்டாம்.

பண்டாரவளை வாசகி:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், இதில்தான் நாங்களும் நிறையக் குஞ்சுகளை இழந்தோம். மூடிய பைக்குள் மீன் விடும் மூச்சால் காபனீரொட்சைட்டு கூடி, தண்ணீர் கொஞ்சம் அமிலமாகும், அதனால் கழிவிலிருந்து வரும் அமோனியா அவ்வளவு கடிக்காது. பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியே போகும், அமோனியா நஞ்சாகும். அதனால் பையைக் கட்டவிழ்க்காமல் அரை மணித்தியாலம் தொட்டியில் மிதக்க விட வேண்டும், சூடு சமமானதும் திறந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தாமதிக்காமல் குஞ்சை விட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். அடுத்த முறை ஏற்றுவதற்கு முந்தின நாளே தீன் நிறுத்தச் சொல்லுங்கள், வயிறு வெறுமையாக இருந்தால் வழியில் கழிவு குறையும். ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு ஒக்சிசன், குஞ்சைக் குறைத்துப் பையைக் கூட்டச் சொல்லுங்கள், இரவில் ஏற்றினால் இன்னும் நல்லது. மலை ஏற ஏறப் பை ஊதிப் பெருக்கும், அதனால் முட்ட நிரப்பவும் விடாதீர்கள்.

இன்னொன்று, 18 பாகையில் திலாப்பியா தீனே சரியாக எடுக்காது. உங்கள் பக்கத்துக் குளிருக்குக் காப் (கெண்டை) மீன் பொருந்தும்.

லயத்து மீன்காரன்:
உப்பு போட்டு மூன்று நாள். நேற்று நான்கு செத்தது, இன்று ஒன்று. மிச்சம் 310 அளவில் இருக்கும். நாளைக்குக் கொஞ்சம் தீன் போட்டுப் பார்க்கட்டுமா அக்கா?

பண்டாரவளை வாசகி:
வெயில் ஏறின பிறகு ஒரு சிட்டிகை போடுங்கள். ஐந்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் அள்ளிவிடுங்கள்.