ஊட்னடாட்டா பாதை: வன்னிக் கிறவல் ஓடின பழக்கம் காணுமோ?

வட்டக்கச்சி:
யூலையில தென் அவுஸ்திரேலியாவில அடிலெயிட் போறம், நாலு பேர். அதுக்கு வடக்க, பாலைவனப் பக்கம் போற ஊட்னடாட்டா பாதையில மறீயில இருந்து வில்லியம் கிறீக், ஊட்னடாட்டா தாண்டி மார்லா வரைக்கும் 600 கிலோமீற்றருக்கு மேல மண் றோட்டு ஓட யோசனை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் கிறவல் ஓடிப் பழக்கம். வாடகைக் கார் காணுமோ? ரயருக்கு எவ்வளவு காத்து? தண்ணி?

மாங்குளம் சந்தி:
முதல்ல வாடகை ஒப்பந்தத்தை வாசியுங்கோ. சாதாரண காருக்கு மண் றோட்டில காப்புறுதி அநேகமாய் இல்லை. போர்வீல் எடுத்தாலும் எந்தெந்தப் பாதைக்கு அனுமதி எண்டு எழுத்தில வாங்கவேணும். கிடைக்காட்டி மார்லாவுக்குப் போற மற்றப் பாதை, ஸ்டுவட் நெடுஞ்சாலையால போங்கோ, முழுக்கத் தார்.

எண்ணெய்தான் அடுத்தது. வவுனியா – யாழ்ப்பாணம் 140 கிலோமீற்றர். அங்க மறீ – வில்லியம் கிறீக் 200, இடையில ஒரு பெற்றோல் செட்டும் இல்லை. பாதி வழியில றோட்டு மூடினா திரும்பி வரவும் எண்ணெய் வேணும். அந்தத் தார் றோட்டிலயும் கிளென்டாம்போ – கூபர் பீடி 250, பெற்றோல் செட் இல்லாமத்தான் கிடக்கு.

தண்ணி ஆளுக்கு நாளைக்கு 10 லீற்றர். ஒரே கானில விடாதேங்கோ, ஒண்டு வெடிச்சா எல்லாம் போச்சு.

முறிப்பு:
காத்து: தாரில 38 பிஎஸ்ஐ எண்டா, மண்ணில 28 அளவுக்கு இறக்கி, வேகத்தை 80க்குள்ள வையுங்கோ. இறக்கினா ரயர் கல்லுக்கு வளைஞ்சு குடுக்கும், வெட்டு விழுறது குறையும். ஆனா இறக்கிப்போட்டு 100இல ஓடினா பக்கச்சுவர் சூடாகிப் பிரிஞ்சிடும். வெளிக்கிட முதல் குளிரா இருக்கேக்க அளந்து, ஒரு மணித்தியாலம் ஓடித் திரும்ப அளவுங்கோ. 4 பிஎஸ்ஐக்கு மேல ஏறியிருந்தா காத்துக் குறைவு, இல்லாட்டி வேகம் கூட. தாருக்கு ஏற முதல் நிரப்பவேணும், காத்தடிக்கிற கொம்பிறசர் கட்டாயம். ஸ்பெயார் சில்லு ரெண்டு.

றோட்டு கூரைத் தகரம் மாதிரி வரிவரியாய்க் கிடக்கும். அந்த அதிர்ச்சியில சொக் அப்சோபர் கொதிக்கும், பற்றறி முனை கழரும். பின்னேரத்தில நட்டெல்லாம் ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ. நெடுங்கேணியில பத்துக் கிலோமீற்றரில முடியிற ஆட்டம், அங்க நாள் முழுக்க.

வட்டக்கச்சி:
டீசல் கானை உள்ளுக்க வைக்கலாமோ? மழை பெய்தா?

மாங்குளம் சந்தி:
உள்ளுக்க வேண்டாம், மணமும் ஆபத்தும். கூரையில நிறையப் பாரம் ஏத்தினாலும் வளைவில பிரளும். பின்பக்கத்தில வெளிய கொழுவுற தாங்கி உள்ள வாகனமாய்க் கேளுங்கோ.

மழை கொஞ்சம் பெய்தாலே களி வழுக்கும். மூடினது எண்டு பலகை போட்டா உள்ளுக்க போறது குற்றம். தென் அவுஸ்திரேலிய அரசாங்கம் றோட்டு நிலைமையை இணையத்தில போடும், ஒவ்வொரு காலமையும் பாருங்கோ.

பொழுதுபட முதல் நிப்பாட்டுங்கோ. எங்கட ஊரில மாடு றோட்டில படுத்திருக்கும், அங்க கங்காரு குறுக்க பாயும். றோட் ரெயின் எண்டு கன பெட்டி இழுக்கிற லொறி 53 மீற்றர் நீளம் வரைக்கும் இருக்கும். எதிர வந்தா ஓரம்கட்டி நிண்டு, புழுதி அடங்கினாப்பிறகு எடுங்கோ.

ஊரைவிட்டு வெளிக்கிட்டாக் கைபேசிக்குச் சிக்னல் இருக்காது. ஆபத்தில செய்மதிக்கு அறிவிக்கிற 406 மெகாஹேர்ட்ஸ் பீக்கன் கருவி ஒண்டு வாடகைக்கு எடுங்கோ. நிண்டுபோனா வாகனத்தை விட்டு நடக்கவேண்டாம். ஆளைவிட வாகனம்தான் விமானத்தில இருந்து தெரியும்.