புதுப்பிப்பு: கிருஷி மேளாவுக்குப் போய் வந்தோம்

போன வாரம் கேட்டிருந்தேன்: இந்த ஞாயிறு மால் வேண்டாம், பெங்களூரில் ஹெப்பாலைத் தாண்டி ஜிகேவிகே என்கிற வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் கிருஷி மேளா என்ற விவசாயக் கண்காட்சிக்கு மனைவியை அழைத்துப் போகலாமா, சலித்துக்கொள்வாளா என்று. பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். சரி, போய்விட்டோம்.

சலித்துப்போனது நான்தான். அவள் தாராபுரத்துக்காரி என்பதை மறந்திருக்கிறேன். ஹள்ளிகார் என்ற கர்நாடக நாட்டினக் காளைகள் கட்டியிருந்த கொட்டகையில் மட்டும் முக்கால் மணி நேரம். நீண்டு பின்னோக்கி வளைந்த கொம்பு, ஒடுங்கிய முகம், சாம்பல் நிறம். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவளோ மாட்டின் உடம்பில் முடிச்சுழி பார்க்கிறாள். "ரெண்டு பல்லுங்களா, நாலு பல்லுங்களா?" என்று பல்லை வைத்து வயதைத் தமிழிலேயே கேட்கிறாள். மாட்டுக்காரர் கன்னடத்தில் பதில் சொல்கிறார். இருவருக்கும் புரிகிறது, நடுவில் நான்தான் முழித்தேன். நகரும்போது என் காதில் மட்டும், "என்ன இருந்தாலும் நம்ம காங்கேயம் மாதிரி வராதுங்க."

எனக்குப் பிடித்தது பண்டூர் ஆடு. மண்டியா பக்கத்து இனம், கறிக்குப் பேர்போனது. குட்டைக் கால், கொழுத்த உடம்பு. பின்னாலிருந்து பார்த்தால் கவிழ்த்துவைத்த 'ப'.

சாப்பாடு ராகி முத்தே, அதாவது கேழ்வரகுக் களி உருண்டை. மென்று தின்று மாட்டிக்கொண்டேன், விழுங்க வேண்டுமாம். வண்டி நிறுத்திய இடத்துக்கு நடந்ததைப் பற்றிப் பேச வேண்டாம்.

அப்புறம் கோழி. பெங்களூரிலேயே உருவாக்கிய கிரிராஜா ரகம், புறக்கடையில் வளர்க்க ஏற்றது. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி வாடகை வீடு. மொட்டைமாடியில் நாலு குஞ்சு விடலாமா என்று ஓனரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறாள். இன்னும் கேட்கவில்லை.