"எந்தத் தோட்டம்?"

நாங்கள் நீலகிரியில் பந்தலூர் பக்கம், சேரம்பாடி. டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களைப் பற்றி இரண்டு அரசுகளும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பேசி முடித்தார்களே, அதில் எங்கள் குடும்பமும் இரண்டாகப் போனது. தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், அவருடைய தங்கை அங்கேயே நின்றுவிட்டார். 1972-இல் அம்மாவுக்கு ஒன்பது வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. கொஞ்ச காலம் கடிதம் வந்தது, 1983 கலவரத்துக்குப் பிறகு அதுவும் இல்லை.

தம்பி டொரண்டோவில் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னால் குழாயில் எச்சில் துப்பி டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினான். லண்டனில் ஒரு பெண்ணோடு 270 சென்டிமார்கன் பொருந்தியது. இருவருக்கும் பொதுவான டிஎன்ஏவின் அளவு அது, எண் கூடக்கூடச் சொந்தம் நெருக்கம். பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் நகரவில்லை, நமக்கு ஏது குடும்பப்பெயர், அவள் பெயருக்குப் பின்னால் இருந்தது அவளுடைய அப்பா பெயர். பேரன் பிறந்தபோது டொரண்டோ போன அம்மாவும் எச்சில் கொடுத்தார். அதே பெண், அம்மாவோடு 560. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பாதிதான் வரும் என்பதால் சொந்தம் அம்மா வழி என்பது உறுதியாகிவிட்டது.

ஆனால் கணினி அவளை அம்மாவுக்கு நேர் அத்தை மகள், பெரியப்பா மகள் மாதிரி ஒரு முறை என்று ஊகித்தது. அவளுக்கு வயது 26, அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சரி, அப்படி ஒருவரின் பிள்ளையாக இருக்கலாம் என்று பார்த்தால் அதற்குச் சராசரி 430 அளவில்தான் வரும். மிச்சம் எங்கிருந்து வந்தது என்று நானும் தம்பியும் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "அந்தப் புள்ளையோட அம்மாயி எந்தத் தோட்டம்?"

அவள் தன் அம்மாயியின் பிறப்புச் சான்றைப் படம் எடுத்து அனுப்பினாள். நான் இங்கே தகரப்பெட்டியைத் திறந்து தாத்தாவின் பாஸ்போர்ட்டை எடுத்தேன். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இலங்கையில் ஹட்டன் பக்கத்து அதே தோட்டம், அதே அப்பா பெயர். அவள் தாத்தா தங்கையின் பேத்தி!

மிச்சக் கணக்கையும் அம்மாதான் தீர்த்தார். "அத்தை கட்டினது சொந்த மாமன் மகனைத்தானேடா." அம்மா அத்தை என்றது தாத்தாவின் தங்கையை. அப்படியென்றால் அந்தப் பெண் அத்தை வழியிலும் சொந்தம், அத்தை வீட்டுக்காரர் வழியிலும் சொந்தம். இரண்டு வழியாகவும் அம்மாவின் டிஎன்ஏவோடு பொருந்தும்போது எண் கூடத்தானே செய்யும்? அந்தச் சராசரிகள் உரிமைப் பெண் கட்டாத ஊர்களில் எடுத்தவை. நம் ஆட்கள் சோதனை செய்தால், காட்டுகிற முறையைவிட ஒரு படி தள்ளியே தேடுங்கள், அதோடு வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்கள் எச்சிலை அனுப்புங்கள்.

போன மாதம் வீடியோவில் பேசினோம். அம்மாயி இறந்து நாலு வருடம் ஆகிறதாம். அவள் தயங்கித் தயங்கி "ஆன்ட்டி" என்றாள். அம்மா விடவில்லை. "உங்கம்மா எனக்கு மதினி முறை. அத்தைன்னு கூப்பிடு. மதினி எங்க, போனை அவங்ககிட்ட குடு."