கம்பாட்டிபிள் கார்ட்ரிட்ஜ் போட்டபின் நீலம் தேய்கிறது: குற்றம் மையிலா, ஹெட்டிலா?

தாழையூரான்:
அசல் கார்ட்ரிட்ஜ்கள் தீர்ந்ததும், என் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் நான்கு நிறங்களுக்கும் வேறு தயாரிப்பாளரின் கம்பாட்டிபிள் கார்ட்ரிட்ஜ்களைப் போட்டேன். அசல் அல்ல என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. அதை ஏற்றுத் தொடர்ந்தேன். கருப்பு நன்றாக வருகிறது. நீலம் மட்டும் பக்கத்தின் தலைப்பில் சரியாகத் தொடங்கி, கீழே வரவர வெளுத்து, அடியில் காணாமலே போகிறது. மை வரும் நுண்துளைகளைச் (நாசில்) சோதிக்க அச்சிடும் நாசில் செக் தாளிலும் நீலக் கோடுகள் இடையிடையே அறுந்துள்ளன. மையைத் தாளில் தெளிக்கும் பாகமான ஹெட்டுக்குக் கிளீனிங் பலமுறை செய்தும் பலனில்லை. இது ஹெட் இயந்திரத்திலேயே பொருத்தப்பட்ட வகை என்பதால் அச்சமாக இருக்கிறது.

பழுதுநீக்கி:
அச்சம் நியாயமானதுதான். எப்சன், பிரதர் போன்றவற்றின் பீசோ ஹெட்டுகள் மையைச் சூடாக்குவதில்லை. மின்னழுத்தத்தால் நெளியும் சிறு படிகத்தின் உந்துதலால் துளியைத் தள்ளுகின்றன. அந்த உந்துதல் குறிப்பிட்ட பாகுநிலையும் பரப்பு இழுவிசையும் கொண்ட மைக்கென்றே அமைக்கப்பட்டிருப்பதால், ஏதோ ஒரு மையை ஊற்றிவிட்டு ஹெட் ஒத்துழைக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. பழைய மையும் புதிய மையும் ஒத்துப்போகாவிட்டால், அவை கலக்குமிடத்தில் திரிந்து நாசிலை அடைத்துவிடும். ஹெட் மாற்றச் சொல்லும் விலைக்குப் புதிய பிரிண்டரே வாங்கிவிடலாம். உடனே அசலுக்குத் திரும்புங்கள்.

கணக்கர்:
பழுதுநீக்கி அவர்கள் சொன்ன பொதுவிதியை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த நோய்க்கு அந்த மருந்து பொருந்தவில்லை. அடைப்பு என்றால், பக்கத்தின் முதல் வரியிலேயே கோடு விழுந்திருக்க வேண்டும். இங்கே தொடக்கம் நன்றாக இருந்து, மை செலவாகச் செலவாக நிறம் தேய்கிறது. அப்படியென்றால் ஹெட் கேட்கும் வேகத்துக்குக் கார்ட்ரிட்ஜ் மை தரவில்லை. மை வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே நுழைந்தாக வேண்டும். மேலேயுள்ள காற்றுத்துளை சிறுத்திருந்தாலோ, அதன்மேல் ஒட்டிய தாளின் பசை மிச்சமிருந்தாலோ உள்ளே வெற்றிடம் உண்டாகி மை நின்றுவிடும்.

சோதனை எளிது. நாசில் செக் தாளை அடுத்தடுத்து இரண்டு எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அறுந்த இடங்கள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் அடைப்பு. இடம் மாறினால் காற்று. தயவுசெய்து கிளீனிங்கை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் உறிஞ்சப்படும் மை அடியிலுள்ள கழிவுமைப் பஞ்சில்தான் சேர்கிறது. அந்தக் கணக்கு நிரம்பியதும் பிரிண்டர் தானாகவே வேலை நிறுத்தம் செய்துவிடும்.

பழுதுநீக்கி:
காற்றுத்துளையைச் சரியாக இடாததும் மலிவுத் தயாரிப்பின் குறைதானே? மை குற்றவாளி அல்ல, மைக்கூடு குற்றவாளி என்பது என் கட்சிக்கு வலுச் சேர்க்கிறதே தவிர, மறுப்பாகாது.

மேகலா:
இருவரும் அந்த எச்சரிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது கார்ட்ரிட்ஜிலுள்ள சிப்பைப் படித்து வருவது. மையின் தரத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. 2016 செப்டம்பரில் எச்பியின் ஆஃபீஸ்ஜெட் வகைகள் பலவற்றில், அதுவரை ஒழுங்காக ஓடிய வெளிக் கார்ட்ரிட்ஜ்கள் திடீரென மறுக்கப்பட்டதற்கும் பிரிண்டருக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரே காரணம். எதிர்ப்பு வலுத்தபின், அந்தத் தடையை நீக்கும் ஃபர்ம்வேரை அந்நிறுவனமே வெளியிட்டது. ஆகவே சிப் மறுப்பையும் அச்சுக் குறையையும் ஒரே கூடையில் போடாதீர்கள். எச்பியின் பல வீட்டு வகைகளில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வருவதால், கார்ட்ரிட்ஜை மாற்றினாலே ஹெட்டும் புதிதாகிவிடும். இந்த வழக்கே அங்கே எழாது.

தாழையூரான்:
இரண்டு தாள்களையும் ஒப்பிட்டேன். அறுந்த இடங்கள் மாறியிருந்தன. இரவு முழுவதும் அணைத்து வைத்துவிட்டுக் காலையில் எடுத்த தாளில் நீலம் முழுமையாக வந்தது. எழுத்துப் பக்கங்களில் குறையில்லை; வானம் நிறைந்த புகைப்படம் ஒன்றை அச்சிட்டபோது மட்டும் பாதிக்குமேல் மறுபடியும் வெளுத்தது.

கணக்கர்:
அப்படியானால் ஹெட் நலமாக உள்ளது. துளையில் பசையோ தாள்துணுக்கோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குறை நீங்காவிட்டால் விற்றவரிடம் அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பழுதுநீக்கி:
மாற்றித் தருவதும் அதே தொகுதியில் வந்ததாக இருந்தால் என்ன பயன்? ஒவ்வொரு நிறத்துக்கும் ஹெட்டில் தனி வழி உண்டு; எனவே நீலத்துக்கு மட்டும் அசலைப் போட்டு, மற்றவற்றை அப்படியே ஓட்டலாம். இந்த அளவுக்குத்தான் என்னால் இறங்கிவர முடியும். அப்படியே நாசில் செக்கில் மஞ்சளையும் ஒருமுறை பாருங்கள். வெள்ளைத் தாளில் அது கண்ணுக்குச் சிக்காது; நீலக் கண்ணாடித்தாள் வழியே பார்த்தால் மஞ்சள் கோடுகள் கருமையாகத் தெரியும், அவற்றுக்கு நடுவே அறுந்த இடங்கள் விளங்கும்.